மெஸ்ஸில் ஐந்து பேர் உறைந்து நிற்கிறார்கள்: இந்தக் காட்சியை எப்படி எழுதுவது?

#1 அந்திவான்

எல்லோருக்கும் வணக்கம். சனிக்கோளின் நிலவான டைட்டனுக்குப் போகும் ஒரு விண்கலம், அதில் ஆறு பேர் என்று ஒரு குறுநாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். நடுவில் வரும் ஒரே ஒரு காட்சியில் நான்கு மாதமாக மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

காட்சி இதுதான். இசை என்பவள் கலத்தின் காற்று, தண்ணீர் அமைப்புகளைப் பார்த்துக்கொள்பவள். பணி முடிந்து மெஸ்ஸுக்கு வருகிறாள். மற்ற ஐந்து பேரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவள் வாசலில் நிற்கும்போது உள்ளே நேரம் நின்றுவிடுகிறது. டேவிட் ஊற்றிய தேநீர் பாதி வழியில் நிற்கிறது. யூகோ வாய் திறந்து சிரித்தபடி நிற்கிறாள். கொஞ்ச நேரத்தில் எல்லாம் பழையபடி ஓட ஆரம்பிக்கிறது. அந்த ஐந்து பேருக்கும் நடுவில் ஏதோ நடந்தது என்பதே தெரியாது. இசைக்கு மட்டும் தெரியும்.

மூன்று முறை எழுதிப் பார்த்துவிட்டேன். படித்த தோழி, "கொலு வைத்த மாதிரி இருக்கிறது, பயமே வரவில்லை" என்றாள். அவள் சொன்னது சரி. எனக்கு இரண்டு கேள்விகள். அப்படி ஒன்று நடந்தால் இசை உண்மையில் எதைப் பார்ப்பாள், எதைக் கேட்பாள்? அப்புறம், மற்றவர்களை எப்படி நம்பவைப்பாள்?

#2 இயந்திர அறை

வணக்கம் சகோதரி. சரக்குக் கப்பலில் 19 வருடம் இன்ஜினியராக இருந்தவன். விண்கலம் தெரியாது, ஆனால் மாதக்கணக்கில் ஒரே கூட்டுக்குள் வேலை செய்வது தெரியும்.

உங்கள் காட்சி கண்ணில் ஆரம்பிக்கிறது. காதில் ஆரம்பியுங்கள். கப்பலில் தூங்கும்போது இன்ஜின் சத்தம் எங்களை எழுப்பாது. அது நின்றால்தான் எழுவோம். சத்தத்தின் சுருதி கொஞ்சம் மாறினாலே போதும், பாதித் தூக்கத்தில் செருப்பைத் தேடும் கால். விண்வெளி நிலையத்திலும் அப்படித்தான். அங்கே சூடான காற்று தானாக மேலே எழும்பாது. விசிறிகள் ஓடாவிட்டால் தூங்குகிறவர் விட்ட மூச்சுக்காற்று அவர் முகத்தைச் சுற்றியே தேங்கிவிடும். அதனால் விசிறிகள் இரவு பகலாக ஓடிக்கொண்டே இருக்கும். 1997 ஜூன் 25 அன்று ரஷ்யாவின் மிர் நிலையத்தில் சரக்குக் கலம் மோதி, ஸ்பெக்டர் என்ற பகுதியில் காற்று கசிந்தது. அப்புறம் மின்சாரம் போய் விசிறிகள் நின்றன. அங்கே இருந்தவர்களுக்கு அந்த அமைதி எப்படி இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன்.

இசை காற்று அமைப்பைப் பார்ப்பவள் அல்லவா? மெஸ் விசிறியின் சத்தம் கீழே இறங்கி இறங்கி மறைவதை அவள்தான் முதலில் உணர்வாள். யூகோவின் சிரிப்பைப் பார்ப்பது அதற்குப் பிறகுதான்.

இன்னொன்று. பயிற்சி பெற்றவள் "நேரம் நின்றுவிட்டது" என்று நினைக்கவே மாட்டாள். "எனக்கு என்ன ஆச்சு" என்றுதான் நினைப்பாள். விமானிகளைக் காற்றழுத்தம் குறைந்த அறையில் உட்காரவைத்துப் பயிற்சி தருவார்கள், அவரவர் உடம்பில் ஆக்சிஜன் குறைவின் முதல் அறிகுறி எது என்று அவரவரே தெரிந்துகொள்வதற்காக. 35,000 அடி உயரத்தில் உருப்படியாக யோசிக்கக் கிடைப்பது ஏறத்தாழ 30 முதல் 60 விநாடிதான். மூளை மந்தமானவருக்குத் தன் மூளை மந்தமானது தெரியாது. ஆகவே இசை முதலில் முகமூடியைத் தன் முகத்தில்தான் வைப்பாள். அதை எழுதுங்கள், அவள் தொழில்காரி என்று வாசகர் நம்பிவிடுவார்.

#3 சுழிமுனை

மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். கேள்வி பிடித்துப்போய் இரவு முழுக்கக் கணக்குப் போட்டேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முற்றிலும் நின்றுவிட்ட நேரம் என்றால் கணக்கே போட முடியாது. அதனால் மெஸ்ஸுக்குள் நேரம் 1,000 மடங்கு மெதுவாக ஓடுகிறது என்று வைத்துக்கொள்கிறேன். இசை வாசலில் 11 நிமிடம் நின்றால், உள்ளே இருப்பவர்களுக்கு 0.66 விநாடிதான். ஒரு கண்சிமிட்டலை 0.3 விநாடி என்று கொண்டால், யூகோ இமையை மூடித் திறக்க இசையின் கணக்கில் 5 நிமிடம். தேநீர் 20 செ.மீ. உயரத்திலிருந்து கோப்பைக்கு வர 0.2 விநாடி ஆகும். கலத்தில் பூமியளவு ஈர்ப்பு இருந்தால் அது இசைக்கு மூன்று நிமிடத்துக்கும் மேல். ஆகவே தேநீர் நிற்காது. தேன் மாதிரி, அதைவிடவும் மெதுவாக, இறங்கிக்கொண்டே இருக்கும்.

ஆனால் இதில் எதையும் இசை பார்க்க மாட்டாள். சங்கடமே இதுதான்.

ஒளியும் ஒரு கடிகாரம். ஒரு விநாடிக்கு இத்தனை முறை என்று அதிர்வது அது. நேரம் மெதுவாக ஓடும் இடத்திலிருந்து வரும் ஒளி நம்மிடம் வரும்போது அதன் அதிர்வும் குறைந்திருக்கும். 1960-இல் பவுண்டும் ரெப்காவும் ஹார்வர்டில் 22.5 மீட்டர் கோபுரத்திலேயே இதை அளந்து காட்டினார்கள். கீழே நேரம் மேலே இருப்பதைவிட மிக மிகச் சிறிதளவு மெதுவாக ஓடுகிறது, அது காமாக் கதிரின் அதிர்வில் தெரிந்தது.

அதையே மெஸ்ஸுக்குப் போடுங்கள். நேரம் ஒன்றரை மடங்கு மெதுவானதும் 450 நானோமீட்டர் நீலம் 675 நானோமீட்டர் சிவப்பாகிவிடும். யூகோவின் நீலச் சட்டை சிவப்பாகத் தெரியும். குரல்கள் கட்டையாகும். இன்னும் மெதுவானால், அறையிலிருந்து வரும் ஒளி முழுவதும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக்குப் போய்விடும். 1,000 மடங்கில், மனித உடம்பின் சூடு கூட ஒரு சென்டிமீட்டர் நீள ரேடியோ அலையாகத்தான் வெளியே வரும். 310 கெல்வின் உடம்பு 0.31 கெல்வின் பொருளாகத் தெரியும். நட்சத்திரங்களுக்கு நடுவே இருக்கும் வெற்றுவெளியின் பின்னணி வெப்பமே 2.7 கெல்வின். அந்த ஐந்து பேரும் விண்வெளியைவிடக் குளிர்ந்தவர்களாகத் தெரிவார்கள்.

சுருக்கமாக: அறை சிவக்கும், மங்கும், இருண்டுவிடும். குரல் 200 ஹெர்ட்ஸிலிருந்து 0.2 ஹெர்ட்ஸுக்கு இறங்கும், காதுக்கு எட்டாது. இயந்திர அறை அண்ணன் சொன்ன விசிறிச் சத்தம் அப்படியே பொருந்துகிறது.

இப்போது அந்தப் பக்கத்திலிருந்து பாருங்கள். உள்ளே இருப்பவர்களுக்கு வெளியிலிருந்து வரும் ஒளி 1,000 மடங்கு வேகமாக அதிரும். இசை டார்ச் அடித்தால் அந்த வெளிச்சம் அவர்கள் மேல் எக்ஸ் கதிராக விழும். டார்ச்சே வேண்டாம். அவளுடைய உடம்புச் சூடே அவர்களுக்கு 3 லட்சம் கெல்வின் நெருப்பு. சூரியனின் மேற்பரப்பு 5,800 கெல்வின்தான். வாசலுக்கு வெளியே நடைவழியின் சுவர்கள் கூட அவர்களைச் சுட்டுவிடும். தோளைத் தட்டி எழுப்பலாம் என்று அவள் நொடிக்கு 10 செ.மீ. வேகத்தில் மெதுவாகக் கை நீட்டினால், டேவிட்டுக்கு அது நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் வரும் அடி.

ஈர்ப்பு விசையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நேரம் இடத்துக்கு இடம் வேறுபடுவதைத்தான் ஐன்ஸ்டைன் ஈர்ப்பு என்று காட்டினார். மூன்று மீட்டருக்குள் நேரம் இவ்வளவு மாறினால், அங்கே ஏற்படும் இழுவை பூமியுடையதைப் போல 3-க்குப் பின்னால் 15 சுழி போட்ட அளவுக்கு இருக்கும். கலமே மிஞ்சாது.

எனவே உங்களுக்கு ஒரு பொய் தேவை. மெஸ்ஸைச் சுற்றி ஏதோ ஒரு எல்லை உருவாகிறது, அது வெளியிலிருந்து ஒளியையும் இழுவையையும் உள்ளே விடுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பொய் போதும். மற்ற எல்லாம் உண்மையாக இருக்கட்டும்.

#4 தேரிமணல்

சுழிமுனை சார் எழுதியது அருமை. ஆனாலும் நான் மாறுபடுகிறேன். அறை இருண்டுவிட்டால் காட்சியே போய்விடும். அந்தரத்தில் நிற்கும் தேநீர், சிரிப்பு உறைந்த முகம், இதற்காகத்தானே வாசகர் வருவார்? பொய் ஒன்று சொல்லலாம் என்றால், ஒளி மட்டும் வழக்கம்போல வரும் என்று அந்தப் பொய்யைச் சொல்லிவிட்டுப் போகலாமே. கதையில் கண்ணைக் கட்டிவிட்டால் என்ன மிஞ்சும்?

#5 அந்திவான்

உண்மையைச் சொன்னால், #3 படித்ததும் முதலில் சோர்வாக இருந்தது. நான் ஆசையாக எழுதிவைத்த தேநீர் வரிகள் எல்லாம் போச்சு. அப்புறம் "அறை சிவக்கும், மங்கும், இருண்டுவிடும்" என்ற இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கொலு இல்லை இது. கண்ணெதிரே ஐந்து பேரை இழப்பது. தொடவும் முடியாது, விளக்கடிக்கவும் முடியாது.

ஆனால் தேரிமணல் கேட்பதும் நியாயம்தான். இருட்டின் முன்னால் நிற்கும் 11 நிமிடத்தில் இசை என்னதான் செய்வாள்?

#6 நுரையலை

இந்தக் குழுவில் இதுவரை படித்துவிட்டுப் போகிறவளாகத்தான் இருந்தேன். அறிவியல் கதை எழுதத் தெரியாது. ஆனால் இந்த இழையின் முதல் பதிவைப் படித்ததும் கை நடுங்கியது. ஏனென்றால் எங்கள் வீட்டில் இது நடந்தது.

என் மகளுக்கு அப்போது ஆறு வயது. சாப்பிட்டுக்கொண்டிருப்பாள், சோற்றுக் கை பாதியில் நிற்கும். கண் எங்கேயோ நிலைக்கும், இமை மட்டும் லேசாகத் துடிக்கும். பத்து விநாடி. அப்புறம் கை வாய்க்குப் போகும், விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடரும். கீழே விழமாட்டாள், நடுங்கமாட்டாள். "என்னடா ஆச்சு?" என்றால் "எதும்மா?" என்பாள். அவளுக்கு எதுவும் ஆகவில்லை. அவள் கணக்கில் அந்தப் பத்து விநாடி இல்லவே இல்லை.

பள்ளியில் "எப்பப் பார்த்தாலும் பராக்கு பார்க்கிறாள்" என்றார்கள். வீட்டுப் பெரியவர்கள் திருஷ்டி கழித்தார்கள். நானும் திட்டியிருக்கிறேன். அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கும்.

நம்பவைத்தது அவளுடைய சொல்வதெழுதுதல் நோட்டு. ஒரு வரியில் நடுவே மூன்று சொற்கள் இல்லை. அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. அழகான கையெழுத்து, நடுவில் மட்டும் மூன்று சொல் இல்லாத வரி. இன்னொரு பக்கத்தில் அதே மாதிரி. டீச்சர் சொல்லிக்கொண்டே போயிருக்கிறார், அந்தச் சொற்கள் வந்தபோது அவள் அங்கே இல்லை. அந்த நோட்டையும் போனில் எடுத்த ஒரு வீடியோவையும் கொண்டுபோய்த்தான் நரம்பியல் மருத்துவரிடம் காட்டினேன். அவர் ஒரு காகிதத்தை அவள் முகத்துக்கு எதிரே பிடித்து, விடாமல் ஊதச் சொன்னார். ஒன்றரை நிமிடத்தில் நின்றுபோனாள். அவர் என் பக்கம் திரும்பி, "நீங்க பார்த்தது சரிதாம்மா" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் எவ்வளவு நாள் காத்திருந்தேன் என்று சொல்லத் தெரியவில்லை.

அந்த நேரத்தில் என்ன செய்வேன் என்றுதானே கேட்டீர்கள்? எண்ணுவேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ணுவேன். முதலில் மருத்துவரிடம் சொல்வதற்காக எண்ணினேன். அப்புறம் அதற்காக இல்லை. அவள் இல்லாத நேரத்தை யாராவது ஒருவர் வைத்திருக்க வேண்டும் என்று தோன்றியது. அவளிடம் அது இல்லை. நானும் விட்டுவிட்டால் அது எங்குமே இல்லாமல் போய்விடும்.

மருந்து எடுத்து இரண்டு வருடம் ஆயிற்று. இப்போது நன்றாக இருக்கிறாள்.

#7 இரவுப்பணி

நுரையலை அக்கா, எழுதியதற்கு நன்றி. நான் ஒரு மருத்துவமனையில் மூளையின் மின் அலைகளைப் பதிவு (இ.இ.ஜி.) எடுப்பவன். அக்கா சொல்வதை ஆப்சன்ஸ் சீஷர் என்பார்கள், சில விநாடி நினைவு மட்டும் தப்பும் ஒரு வகை வலிப்பு. பெரும்பாலும் 4 முதல் 10 வயதுக்குள் ஆரம்பிக்கும். சிலருக்கு ஒரு நாளில் பத்து இருபது தடவைக்கும் மேலே வரும். திரையில் பார்த்தால் மறக்க முடியாது. ஒழுங்கில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் கோடுகள் எல்லாம் ஒரே சமயத்தில் ஒன்றுசேர்ந்து, விநாடிக்கு மூன்று என்று கூர்முனையும் அலையுமாக எழும்பும். திடீரென்று நிற்கும். குழந்தையிடம் நாம் முன்பு கேட்ட கேள்விக்கு அது அப்போது பதில் சொல்லும்.

பதிவு எடுக்கும்போது நாங்களும் ஒன்று செய்வோம். கோடுகள் எழும்பியதும் "யானை" என்றோ "பச்சை" என்றோ ஒரு சொல்லைச் சத்தமாகச் சொல்வோம். முடிந்ததும் "நான் என்ன சொன்னேன்?" என்று கேட்போம். தெரியாது என்றால் அந்த நேரத்தில் நினைவு உள்ளே போகவில்லை என்று குறித்துக்கொள்வோம். இசை இதைச் செய்து பார்க்கலாமே.

இதைப் படிக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை: இது திருஷ்டி இல்லை, அடம் இல்லை. மருந்து இருக்கிறது. பலருக்குப் பதின்ம வயதில் இது நின்றுவிடுகிறது.

கதைக்கு இன்னொரு யோசனையும் தோன்றுகிறது. கோளாறு பார்க்கிறவரிடமும் இருக்கலாம். 1983-இல் ஜெர்மனியில் ஒரு பெண்ணைப் பற்றி மருத்துவக் கட்டுரை வந்தது. மூளையின் பின்பகுதியில் பாதிப்பு ஏற்பட்டதால் அசைவைப் பார்க்கும் திறனை மட்டும் இழந்தவர். நிறம் தெரியும், உருவம் தெரியும். ஆனால் கோப்பையில் தேநீர் ஊற்றினால் அது பனிக்கட்டி மாதிரி உறைந்து நிற்பதாகத் தெரியும், எப்போது நிறுத்துவது என்று தெரியாமல் வழிந்துவிடும். அறையில் நாலு பேர் நடமாடினால், ஒருவர் இங்கே இருப்பார், திடீரென்று அங்கே இருப்பார். இசையின் சக ஊழியர்கள் அவளைப் பற்றி இப்படித்தான் சந்தேகப்படுவார்கள். கலத்தின் மருத்துவர் அவளைத்தான் சோதிப்பார்.

#8 சுழிமுனை

நுரையலை அவர்களே, நான் 22 வருடமாக வகுப்பெடுக்கிறேன். "பராக்கு பார்க்காதே" என்று எத்தனை பிள்ளைகளைச் சொல்லியிருப்பேன் என்று இன்று யோசித்தேன். இனி சொல்வதற்கு முன்னால் கண்ணைப் பார்ப்பேன்.

கதைக்கு வருகிறேன். இரண்டுக்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது. உங்கள் மகள் நின்றபோது வகுப்பு ஓடியது. அதனால் நோட்டில் ஓட்டை விழுந்தது. மெஸ்ஸில் அப்படி இல்லை. அங்கே மனிதர்கள், விசிறி, தேநீர், சுவர்க் கடிகாரம் எல்லாமே சேர்ந்து மெதுவாகிவிட்டன. உள்ளே எதிலும் ஓட்டை இருக்காது. "யானை" சோதனையும் பலிக்காது. சொன்ன சத்தம் 1,000 மடங்கு கீச்சென்று உள்ளே போகும், எந்தக் காதுக்கும் கேட்காது. உள்ளே இருக்கும் எந்தக் கருவியும் இசைக்குச் சாட்சி சொல்லாது.

அப்படியானால் சாட்சி எங்கே? பிரிந்து போன இரண்டு கடிகாரங்கள் மறுபடி சந்திக்கும் இடத்தில். 1971 அக்டோபரில் ஹாஃபலேயும் கீட்டிங்கும் நான்கு சீசிய அணுக் கடிகாரங்களைப் பயணிகள் விமானத்தில் ஏற்றி உலகைச் சுற்றினார்கள், கிழக்கே ஒரு முறை, மேற்கே ஒரு முறை. பறக்கும்போது அந்தக் கடிகாரங்களிடம் எந்தக் குறையும் தெரியவில்லை. இறங்கி, தரையில் இருந்த கடிகாரத்தின் பக்கத்தில் வைத்தபோதுதான் கிழக்கே போனது 59 நானோ விநாடி பின்தங்கியும், மேற்கே போனது 273 நானோ விநாடி முந்தியும் இருந்தது தெரிந்தது. நம் போனில் வரைபடம் காட்டும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் கடிகாரம் ஒரு நாளுக்கு 38 மைக்ரோ விநாடி வேகமாக ஓடும். அதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் கிலோமீட்டர் கணக்கில் தப்பாகிவிடும்.

எனவே மெஸ் கடிகாரத்தையும் இசையின் கைக்கடிகாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 11 நிமிடம் வித்தியாசம். எது தவறு? இரண்டும் சரி. அந்த ஐந்து பேரும் பொய் சொல்லவில்லை, அவளும் பொய் சொல்லவில்லை. மூன்றாவதாக நடையிலோ இன்ஜின் பகுதியிலோ இருக்கும் கடிகாரம்தான் அவளைக் காப்பாற்றும்.

#9 இயந்திர அறை

கப்பலில் பிரிட்ஜ், அதாவது கப்பலைச் செலுத்தும் அறையின் கடிகாரத்தையும் இன்ஜின் ரூம் கடிகாரத்தையும் சரிபார்த்து வைப்பது வழக்கம். இரண்டு லாக் புத்தகமும் பிற்பாடு ஒத்துப்போக வேண்டும் அல்லவா. காட்சி அப்படி ஒரு சரிபார்ப்பில் வெளிப்பட்டால் நன்றாக இருக்கும். யாரும் அலற வேண்டாம். டேவிட் வழக்கமான வேலையைச் செய்கிறார், 11 நிமிடம் இடிக்கிறது, திரும்பி இசையைப் பார்க்கிறார்.

#10 தேரிமணல்

என் மாற்றுக்கருத்தைத் திரும்பப் பெறுகிறேன். சொல்வதெழுதுதல் நோட்டைப் படித்த பிறகு அந்தரத்தில் நிற்கும் தேநீர் எனக்கு வேண்டியிருக்கவில்லை. இருட்டே இருக்கட்டும். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: இருளுவதற்கு முன்னால் எல்லாம் சிவப்பாகும் அந்த ஒன்றிரண்டு நொடியை அவசரப்பட்டுக் கடக்காதீர்கள்.

#11 அந்திவான்

மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். நுரையலை அக்காவிடம் தனிமடலில் அனுமதி கேட்டேன், கொடுத்தார்கள். புதிதாக எழுதிய பகுதி இது.

"விசிறி சுருதி இறங்கியது. இசை நின்றாள். கை தானாக முகமூடியை எடுத்து வாயில் வைத்தது. நான்கு மூச்சு. தலை தெளிவாகத்தான் இருந்தது. உள்ளே யூகோவின் சட்டை செம்மண் நிறமாக மாறிக்கொண்டிருந்தது. டேவிட்டின் கை, மேசை, தட்டுகள், எல்லார் முகமும் அடுப்புத் தணல் வெளிச்சத்தில் இருப்பவை போல ஆயின. யூகோவின் சிரிப்பு ஆண் குரலாகி, உறுமலாகி, தரையில் ஒரு அதிர்வாகி நின்றது. அப்புறம் தணலும் அணைந்தது.

வாசலில் கதவு இல்லை. இருட்டு மட்டும் கதவு போல நின்றது.

அவள் கை இடுப்பு விளக்கைத் தொட்டது. தொட்டதும் விலகியது. நடையின் எதிர்ச்சுவரில் முதுகு படும்வரை பின்னால் போய், தரையில் உட்கார்ந்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்று, என்றாள் வாய்விட்டு. இரண்டு.

அறுநூற்று அறுபத்து இரண்டில் சிவப்பு திரும்பியது. சிரிப்பு தரையிலிருந்து ஏறி வந்தது. டேவிட் கோப்பையை வைத்துவிட்டுத் திரும்பினார். அவர் கணக்கில் ஒரு நொடிக்கு முன் வாசலில் நின்றவள், இப்போது எதிர்ச்சுவரடியில் உட்கார்ந்திருந்தாள்.

'இசை? ஏன் எண்ணிக்கொண்டிருக்கிறாய்?'"

இங்கே அத்தியாயத்தை முடிக்கலாம் என்று நினைக்கிறேன். கடிகாரச் சரிபார்ப்பு அடுத்த அத்தியாயத்தில் வரும். சொல்லுங்கள்.

#12 சுழிமுனை

கணக்கு சரியாக வருகிறது. விளக்கைத் தொட்டு விலகும் கை, அதற்குக் காரணம் சொல்லாமல் விட்டது பிடித்திருக்கிறது. தெரிந்தவருக்குத் தெரியும்.

#13 நுரையலை

இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை மகளுக்கும் படித்துக் காட்டினேன், இப்போது ஒன்பது வயது. இசை ஏன் உள்ளே ஓடிப்போகவில்லை என்று கேட்டாள். சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கடைசி வரியை மாற்றச் சொல் என்கிறாள்.

அவள் சொல்வது சரிதான் தம்பி அல்லது தங்கச்சி, யாராக இருந்தாலும். நான் எண்ணுவதைக் கேட்டு அவள் "ஏம்மா எண்ணுற?" என்று கேட்டது முதல் தடவை மட்டும்தான். அதற்கப்புறம் விழித்ததும் என் முகத்தைப் பார்த்து, சோற்றை மென்றுகொண்டே, "எத்தனைம்மா?" என்றுதான் கேட்பாள்.